சங்கிலியை அடகு வைத்துக் கோடிங் படிக்கலாமா?

முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 23. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தது 2024இல். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். இவர் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறார்.

நகரில் உள்ள ஒரு பயிற்சி மையம், ஆறு மாதத்தில் ‘ஃபுல் ஸ்டாக்’ (இணையதளத்தின் முகப்பையும் பின்னணி வேலைகளையும் சேர்த்து எழுதும் பயிற்சி) கற்றுத்தந்து நூறு சதவீதம் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கட்டணம் 85,000 ரூபாய். முன்பணமாக 10,000 ரூபாய் கட்டியாயிற்று. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மீதிப் பணத்துக்கு அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அப்பாவின் கையெழுத்திட்ட, தொகை எழுதாத காசோலை ஒன்றும் கேட்கிறார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு அனுபவச் சான்றிதழ் ‘ஏற்பாடு செய்து’ தருவார்களாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். மாமா, “இதெல்லாம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு, நீ டி.என்.பி.எஸ்.சி.க்குப் படி” என்கிறார். அப்பாவுக்கோ வேலைக்காக மகளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பப் பயம். ‘வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. நான் சேரலாமா?’ என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள மகளுக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கு வாருங்கள். இந்த மையத்துக்கு மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து பக்கத்தில் கட்டணம் வருகிறது, சம்பளம் வருகிறது, சென்னை வருகிறது. ஒரு நிரலாவது (கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு) எழுதிப் பார்த்ததாக ஒரு வரியும் இல்லை. ஆனால் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஆடித் தள்ளுபடியின்போது 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் 10 சதவீதம் என்று கடையில் அறிவித்தார்கள், கணினி 30 சதவீதம் குறைத்தது, 28 சதவீதம்தான் குறைய வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், மேலாளர் நம்பவில்லை, மாலையில் கல்லாக் கணக்கு இடித்தபோதுதான் ஒப்புக்கொண்டார். மகளே, மென்பொருள் நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்யவே ஆட்கள் இருக்கிறார்கள். கணினி சொல்லிவிட்டது என்பதற்காக நம்பாமல் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் குணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு யாரும் கட்டணம் வாங்க முடியாது.

முதலில் சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள்

நான் வழக்கறிஞர் அல்ல, தொழில் வழிகாட்டும் ஆலோசகர். இருந்தாலும் இதே போன்ற விஷயத்துக்காக என்னிடம் வந்த பிள்ளைகளோடு பல இடங்களுக்கு அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் சான்றிதழ் உங்கள் சொத்து, கட்டணத்துக்கு ஈடாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துவிட்டது. ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

அப்பாவை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். ‘சேர விருப்பமில்லை, சான்றிதழ்களையும் முன்பணத்தையும் திருப்பித் தரவும்’ என்று எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தருகிறது. தொலைபேசி எண் 15100. பெரும்பாலும் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. எழுத்தில் கேட்கிற பெண்ணைப் பார்த்தாலே பலர் இறங்கி வந்துவிடுகிறார்கள்.

10,000 ரூபாய் முழுதும் திரும்பும் என்று உறுதி சொல்லமாட்டேன். ரசீதின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வகுப்பே தொடங்கவில்லை என்பது உங்களுக்கு வலு. ‘வேலை உறுதி’ என்று அச்சிட்ட துண்டறிக்கை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்படிப் பொய்யாக வேலை உறுதி சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

காசோலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். கையெழுத்து போட்டு, தொகை எழுதாத காசோலையில் அவர்களே தொகையை எழுதி வங்கியில் போடலாம். பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் அப்பா மீது குற்ற வழக்கு வரும். சூளையில் நாள் கூலிக்கு நிற்கும் மனிதர் கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்கு நிற்க வேண்டி வரும்.

இல்லாத அனுபவம்

கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று உங்களிடம் சொன்னவர், பிறகு நடப்பதைச் சொல்லவில்லை. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பை ஒரு தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கும். அவர்கள் முந்தைய சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்பதைப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னவருக்கு ஒரு மாதம்கூடக் கட்டப்படவில்லை என்றால் கேள்வி அங்கேயே எழும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துப் பிடிபட்டு, ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பையன் என் முன் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அவன் உண்மையிலேயே நன்றாக நிரல் எழுதுபவன். அதன் பிறகு அந்த எட்டு மாதத்தையும் அவனால் எங்கும் சொல்ல முடியவில்லை. வேலை போவது ஒரு பக்கம். பொய் ஆவணத்தை உண்மையானது என்று காட்டுவது குற்றம். அதில் கையெழுத்திட்டுச் சமர்ப்பிப்பவர் நீங்கள்தான், அந்த மையம் அல்ல.

புதிதாக வருகிறவர் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். ஜவுளிக்கடை வேலையையும் மறைக்க வேண்டாம். கூட்ட நாளில் நின்றுகொண்டே பில் போட்டவருக்கு வாடிக்கையாளர் எதற்காகக் கோபப்படுகிறார் என்று தெரியும். பில் போடும் மென்பொருளை எழுதுகிறவர்கள் பலருக்கு அது தெரியாது.

பொறியியல் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்கிறீர்கள்

மாமா சொன்னது அவர் காலத்தில் பெருமளவு சரி. இன்று பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கெனத் தனியாகத் தேர்வு வைத்து ஆள் எடுக்கின்றன. கணிதப் பட்டதாரிகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இத்தகைய தேர்வுகளில் ‘பட்டம் முடித்த ஆண்டு’ என்று ஒரு வரம்பு இருக்கும். நீங்கள் 2024இல் முடித்தவர். சில கதவுகள் ஏற்கெனவே மூடியிருக்கும். அறிவிப்பில் அந்த வரியை முதலில் பாருங்கள். பட்டத்தையும் ஆண்டையும் பெரிதாகப் பார்க்காமல் நிரல் எழுதச் சொல்லிப் பார்க்கிற இடங்களையே நீங்கள் அதிகம் நாட வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் பேசுவதும் ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வதும் வேறு வேறு. உங்களுக்கு முதலில் வேண்டியது இரண்டாவது. நிரல் ஓடாமல் நிற்கும்போது கணினி காட்டும் பிழைச் செய்தி இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அதை நிதானமாகப் படிக்கப் பழகினால் பாதி வழி வந்துவிட்டீர்கள். தொடக்கத்தைத் தமிழிலேயே செய்யலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பைத்தான், சி ஆகிய நிரல் மொழிகள், லினக்ஸ் இயங்குதளம் போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் சின்னச் சின்னப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் தமிழில் கணினி நூல்களை இலவசமாகத் தருகிறது. அடிப்படை பிடிபட்டதும், ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குப் போங்கள், பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். இன்னும் முறையாகப் படிக்க ஆசை வந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு; இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் அது பிறகு.

அம்மாவின் பீடிக் கணக்கு

இப்போது உங்களுக்கு நான் தரும் வேலை. ஜவுளிக்கடையை விட வேண்டாம். காலையில் ஒன்றரை மணி நேரம், வார விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம். ஆறு வாரம் பைத்தான் மட்டும் படியுங்கள். முதலில் கடன் வாங்கிய கணினியானாலும் போதும். பிறகு பழைய மடிக்கணினி ஒன்றைப் பதினைந்து, இருபதாயிரத்துக்குள் பார்க்கலாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒரு நாள் உட்காருங்கள். கல்லூரித் தோழிகளில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிக்கிறவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது வாரம் அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் கடையில் வாங்கும் இலை எத்தனை, தூள் எத்தனை; எவ்வளவு சுற்றிக் கொடுத்தார்; அதில் எத்தனையைக் கழித்தார்கள்; பாஸ் புத்தகத்தில் என்ன எழுதினார்கள்; ஆயிரத்துக்கு என்ன கூலி; கைக்கு வந்தது எவ்வளவு. இதை ஒரு நிரலாக எழுதுங்கள். தினமும் இரவு அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் பதிய வேண்டும்.

எளிது என்று தோன்றும். எழுதத் தொடங்கினால் தெரியும். ஆயிரத்துக்கு உரிய கூலியை நிரலுக்குள் ஒரே எண்ணாக எழுதிவைப்பீர்கள். கூலி உயரும் நாளில் அந்த எண்ணை மாற்றினால், போன மாதத்துக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். அப்போதுதான் கூலியைத் தேதியோடு சேர்த்துத் தனி அட்டவணையில் வைக்க வேண்டும் என்பது புரியும். வங்கிகளின் வட்டிக் கணக்கும் நிறுவனங்களின் சம்பளக் கணக்கும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. ஒரு நாள் பதிய மறந்தால் என்ன செய்வது? கழிவை எண்ணிக்கையில் எழுதுவதா, சதவீதத்தில் எழுதுவதா? இலை மோசமாக வந்த வாரங்களில் கழிவு கூடுகிறதா என்று பார்க்க முடியுமா? ஒவ்வொரு கேள்வியும் உங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுத்தரும். விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம், அதிலிருந்து கேட்டு எடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழி, பிறகு அதைத் தொலைபேசியில் திறக்கும்படி ஓர் இணையப் பக்கம் என்று வேலையே உங்களை இழுத்துக்கொண்டு போகும். அந்த மையம் 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்ன பாடத்திட்டத்தில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது.

நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்கும் இடத்திலும் நான் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே மாதிரியான நூலக மேலாண்மை மென்பொருளைக் காட்டுவார்கள். ஓர் இடத்தில் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். அம்மாவின் கூலிக்கணக்கில் ஐம்பது பைசா உதைத்ததைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும் பெண்ணிடம் நான் அடுத்த கேள்வியை ஆவலோடு கேட்டிருப்பேன்.

ஆறு வாரத்தில் இந்த வேலை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கும். நீங்கள் இழந்தது சில விடியற்காலைத் தூக்கம் மட்டும்.

சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி வேலைக்குப் போய், உலகம் முழுதும் விற்கும் மென்பொருளை எழுதுகிறார்கள். அங்கே பட்டத்தைவிட நிரல் எழுதும் திறமைக்கே மதிப்பு. கங்கைகொண்டானில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் இருக்கிறது. ஆனாலும் நம் மாவட்டங்களில் மொத்த இடங்கள் குறைவு. சென்னையோடு ஒப்பிட முடியாது. முதல் இரண்டு மூன்று ஆண்டு வெளியூரில் இருக்க நேரலாம் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்பாவின் பயத்தைப் பிற்போக்கு என்று தள்ளாதீர்கள். மகள் எங்கே தங்குவாள், இரவு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவாள் என்பது நியாயமான கேள்வி; அதற்குப் பதிலோடு போங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு கூடுவாஞ்சேரி உள்ளிட்ட ஊர்களில் ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. முதல் பயணத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவுக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். தங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த அப்பாக்கள் பலர் என்னிடம் பிறகு அமைதியாகப் பேசியிருக்கிறார்கள்.

வேலை கிடைக்கும்போது ‘இத்தனை ஆண்டு இருக்க வேண்டும்’ என்று நிறுவனம் ஒப்பந்தம் கேட்டால், அதை இந்த மையம் கேட்கும் பணத்தோடும் காசோலையோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளமும் பயிற்சியும் தரும் நிறுவனம் நியாயமான ஈட்டுத்தொகை கேட்கலாம். இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதனால் கையெழுத்திடும் முன் தொகையையும் காலத்தையும் படித்துப் பாருங்கள். வேலை தருவதற்கே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவும் மாமாவும்

‘இனி கணினியே நிரல் எழுதிக்கொள்ளுமாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறதுதான். புதியவர்களுக்குக் கொடுத்துவந்த சில்லறை வேலைகள் குறைகின்றன என்பதும் உண்மை. மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அது எழுதித் தருவது சரியா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். 30 அல்ல, 28 என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். முதல் மூன்று மாதம் அதன் உதவியே இல்லாமல் எழுதுங்கள். பிறகு அதையும் பயன்படுத்துங்கள். அது தருவதை வரிக்கு வரி விளக்க முடிந்தால் மட்டும் உங்கள் நிரலில் சேருங்கள்.

மாமா சொல்லும் அரசுத் தேர்வு நல்ல வழிதான். உங்கள் வயதுக்கு அந்தக் கதவு இன்னும் பல ஆண்டு திறந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பாதிப் பாதியாகப் படிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாமாவிடம் ஓராண்டு கேளுங்கள். மறுத்துப் பேசாமல், தேதி சொல்லிக் கேளுங்கள்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அம்மாவின் தொழிலாளர் அடையாள அட்டை தேவைப்படும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுத்தரும் சோஹோ பள்ளிகளும் இருக்கின்றன. பரீட்சை நெருக்கத்தில் அவன் மறந்துவிடுவான். விண்ணப்பத் தேதியை நீங்கள் பார்த்துவையுங்கள். உங்களுக்கும் ஒன்று: மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவு இல்லையென்றால் பதியுங்கள், அரசின் இலவசத் திறன் பயிற்சிகளில் பட்டதாரிகளுக்கு எவை இருக்கின்றன என்று அங்கேயே கேட்கலாம்.

வருகிற திங்கள்கிழமையே அப்பாவோடு அந்த மையத்துக்குப் போய்வாருங்கள். சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தர மறுத்தால், நீங்கள் கொடுத்த கடிதத்தின் நகலையும் ரசீதின் இரு பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.